ஜோகூரிலிருந்து வெண்ணந்தூருக்கு ஒரு சைரன்

என் அக்காள் மகன் கார்த்தி சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். கை நிறையச் சம்பளம். காப்பிக் கடையில் கொடுக்கிற காசைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். ஆனால் வாங்கிய சாமானை வீட்டுக்கு அனுப்பக் கூலி கேட்டால் மட்டும் அவனுக்கு வயிறு பற்றி எரியும். அந்த எரிச்சலைத் தணிக்கத்தான் நான் கடல் தாண்டிப் போய்வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்கப் போனதாகச் சொந்தக்காரர்கள் சொல்லித் திரிகிறார்கள். நான் போனது சைரன் வாங்க.

விஷயம் இதுதான். கார்த்தியின் அம்மா பாவாயி அக்கா வெண்ணந்தூருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு எருமை, கொஞ்சம் மரவள்ளிக் காடு, ஒரு கிணறு, இவ்வளவுதான் அவளுக்குத் துணை. தோட்டங்களில் தனியாக இருக்கும் வயதானவர்களின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போகிற செய்தி எங்கள் பக்கத்துப் பேப்பரில் அடிக்கடி வரும். கார்த்தி அதையெல்லாம் போனில் படித்துவிட்டு அங்கேயிருந்து நடுங்குவான். முந்தின வருடம் ஊருக்கு வந்தபோது ஒரு அலாரம் பெட்டியைக் கொண்டுவந்து தானே ஆணியடித்து மாட்டினான். கதவை யாராவது தள்ளினால் கத்தும். அவன் போனுக்கும் சேதி போகும்.

அது ஒரு மழைக்காலத்தோடு செத்துப்போனது. ராசிபுரத்திலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினான். திருப்புளியை எடுக்கவே இல்லை. "தண்ணி எறங்கிருச்சுங்க. போர்டு அவுட்டு. இதுக்கெல்லாம் இங்க ஸ்பேர் கெடைக்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்ரோலுக்குக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டான். தேங்காய் வாங்குகிறவன்கூட இதைவிடக் கவனமாகக் குலுக்குவான்.

கார்த்தி போனில் தீர்ப்புச் சொன்னான். "தை பொறக்கறதுக்குள்ள அலாரம் வேலை செய்யோணும் மாமா. இல்லாட்டி எருமைய வித்துட்டு, காட்டக் குத்தகைக்கு உட்டுட்டு, அம்மாவ இங்க கூட்டிட்டு வந்துருவேன். பேச்சே இல்ல."

அக்கா சுலபத்தில் அழுகிறவள் அல்ல. அன்று மூக்கைச் சிந்திக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அந்தக் கூண்டுக்குள்ள போயி என்னால கெடக்க முடியாது சாமி. நீ போயி அந்தக் கருமத்தக் கொண்டாந்து மாட்டீரு. நான் எங்க காட்டுலயே இருந்துக்கறேன்."

அந்த அலாரத்துக்குச் சைரனும் உதிரி பாகமும் விற்கிறவன் மலேசியாக்காரன். மலேசியாவுக்குள் எங்கே கேட்டாலும் இலவசமாக அனுப்புவான். கடல் தாண்டி அனுப்பக் கூலி, அதற்குமேல் சுங்கம். நடுவில் ஒரு கடற்பாலம்தான், ஆனால் அதற்கு இந்தப் பக்கம் சிங்கப்பூருக்கு அனுப்பவும் தனிக் கூலி. கார்த்திக்கு அடிவயிற்றில் தீ. உடனே திட்டம் போட்டான். பாலத்தின் மலேசியக் கரையிலுள்ள ஜோகூரில் ஒரு கடைக்குச் சாமானை வரவழைப்பது, நாங்கள் பாலம் தாண்டிப் போய் எடுத்துக்கொள்வது, நான் அதைப் பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுவருவது. எனக்கு டிக்கெட்டும் இலவசமாம். விமானக் கம்பெனியில் அவன் சேர்த்துவைத்திருந்த புள்ளிகளில் எடுத்தது. இலவசம் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் அறிவு வேலை செய்யாது. எனக்கும்தான்.

நான் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து நடத்தியவன். போர் போடுகிற வண்டியோடு மத்தியப் பிரதேசம், ஒரிசா என்று பாஷை தெரியாத காடுகளில் அடுப்பு மூட்டிச் சோறாக்கித் தின்றவன். எனக்குப் பிரயாணம் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்ற திமிரோடுதான் விமானம் ஏறினேன்.

சிங்கப்பூரில் கார்த்தியின் வீடு பதினாலாவது மாடியில் இருக்கிறது. லிப்டில் எங்களோடு ஒரு அம்மாள் ஏறினாள். பக்கத்து வீட்டுக்காரி. மேலே போய்ச் சேரும் வரை நம்பர் மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பெயர் என்னடா என்று கேட்டேன். "தெரியாது மாமா, குடி வந்து நாலஞ்சு வருசந்தான ஆச்சு" என்றான். எங்கள் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவன், சங்ககிரி வருவதற்குள் நம் மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு நகை போட்டோம் என்பது வரை கேட்டுவிடுவான். அதுவும் தொல்லைதான். ஆனால் இது அதைவிடத் தொல்லை.

அக்காவுக்கென்று ஒதுக்கியிருக்கும் அறையைக் காட்டினான். துணி காயப்போடுகிற கம்பிகளுக்கு நடுவே ஒரு கட்டில். ஜன்னல் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். வெளியே பார்த்தால் எதிர்க் கட்டடத்துக்காரன் துணி காயப்போட்டிருப்பது தெரியும்.

"அம்மாவுக்கு இங்க என்ன கொறை மாமா? ஏசி இருக்குது. டிவி இருக்குது."

"எருமை?"

"மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. அக்கா காலையில் கண் விழித்ததும் முதலில் பேசுவது அந்த எருமைகளோடுதான். இந்த அறையில் அவளை வைத்தால் ஜன்னல் கம்பியோடு பேசிக்கொண்டிருப்பாள். சைரனை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்ற வெறி அப்போதுதான் வந்தது.

காலையில் கார்த்தியின் மனைவி ஓட்ஸ் கஞ்சி கொடுத்தாள். நல்ல பெண், உடம்புக்கு நல்லது என்று அன்போடுதான் கொடுத்தாள். அதை எருமைக்குக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் விருந்தாளி என்பதால் குடித்தேன்.

பிறகு பாலம் தாண்டப் போனோம். குமாரபாளையத்தில் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி. டீ நன்றாக இருக்கிறது என்று அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த ஞாபகத்தில் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இங்கே கதை வேறு. பஸ்ஸில் ஏற வேண்டும், இறங்க வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், கட்டை விரலை வைக்க வேண்டும், மறுபடி பஸ்ஸில் ஏறிப் பாலத்தைத் தாண்டினால் அந்தக் கரையிலும் முதலிலிருந்து இதே கூத்து. அத்தனை கூட்டமும் வெறும் பைகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஒரு சீனத்து அம்மாள் போனில் சத்தமாகப் பேசினாள். பாதி ஆங்கிலம் என்பதால் கார்த்தி மொழிபெயர்த்தான்: "நீ எதுவும் வாங்காதே, துடைக்கிற காகிதம் அங்கே மலிவு, நான் கொண்டு வருகிறேன்." ஆக, என் மருமகன் தனி ஆள் இல்லை. இது ஒரு தேசமே சேர்ந்து செய்கிற கஞ்சத்தனம்.

கார்த்தி அடிக்கடி வந்து போகிறவர்களுக்கான இயந்திர வாசலில் சரக்கென்று போய்விட்டான். என்னை அயல்நாட்டார் வரிசையில் விட்டுவிட்டான். மலேசிய அதிகாரி எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டார். ஷாப்பிங் என்று சொல்லும்படி கார்த்தி படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். சொன்னேன். என்ன வாங்க என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், திருடன் வந்தால் கத்துகிற மணி என்று சொன்னேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் மலாயில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள மலாய் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் முத்திரை குத்திவிட்டார்கள். நான் வெளியே வந்தபோது எங்கள் பஸ் போய்விட்டது. நான் முன்னாலேயே ஏறிவிட்டதாக நினைத்துக் கார்த்தி அதில் ஏறிப் போய்விட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி ஓடி வந்தான். அவன் ஓடி வந்ததைப் பார்த்ததிலேயே எனக்கு ஓட்ஸ் கஞ்சி செரித்துவிட்டது.

சாமானை வாங்கி வைத்திருப்பது ஒரு சலவைக் கடை. இப்படிப் பாலம் தாண்டி வருகிறவர்களின் பொட்டலங்களை வாங்கி வைப்பது அதை நடத்தும் மலாய் அம்மாளுக்குத் துணி வெளுப்பதைவிடப் பெரிய தொழில். கூரை வரை அட்டைப்பெட்டிகள். எங்களுக்குச் சைரன், கதவில் மாட்டுகிற கருவி, ரிமோட் என்று மூன்று வர வேண்டும். இருந்தது ஒன்று. மற்ற இரண்டும் எங்கே என்று கார்த்தி கேட்டதற்கு அவள் மலாயும் ஆங்கிலமுமாகப் பொரிந்து தள்ளினாள்.

"என்னடா சொல்றா?"

"கொண்டாந்தவன் வந்தப்ப இவங்க சாப்பிடப் போயிட்டாங்களாம் மாமா. கடை சாத்தியிருந்துச்சாம். அவன் திருப்பிக் கொண்டுபோயி அவங்க குடோன்லயே வெச்சுட்டானாம். மூணாவது பொட்டலம் நாளைக்குத்தான் வருமாம்."

"நாளைக்கு மறுக்கா வரோணுமா?"

"ப்ரீ டெலிவரின்னா அப்படித்தான் மாமா இருக்கும்."

குடோன் ஊருக்கு வெளியே இருந்தது. டாக்சி பிடித்துப் போனோம், காத்திருந்தோம், கையெழுத்துப் போட்டோம், டாக்சி பிடித்துத் திரும்பினோம். வழியெல்லாம் கார்த்தி மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தான். இலவசத்துக்கு இவ்வளவு ஆகிறதே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே இறங்கி நடக்கச் சொல்லியிருப்பான்.

மத்தியானம் சலவைக் கடைக்குப் பக்கத்தில் ரொட்டி சானாய் என்று கொடுத்தார்கள். நம் புரோட்டாவின் சித்தப்பா மகன். ரொட்டி மோசமில்லை. தொட்டுக்கொள்ளக் கொடுத்த பருப்பைத்தான் சோப்புத் தண்ணீர் மாதிரி விட்டிருந்தார்கள். டீயை மட்டும் குறை சொல்ல மாட்டேன், நன்றாக ஆற்றிக் கொடுத்தார்கள். டீ போட்டவர் தமிழர்.

"ஐயாவுக்கு இந்தியாவுல எந்த ஊரு?"

"நாமக்கல் பக்கம்."

"ஓ, லாரிக்காரங்க ஊரு. என்ன வாங்க வந்தீங்க?"

சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அங்க திருட்டு ரொம்ப அதிகமோ?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எங்கள் ஊரை நான் திட்டலாம், இவர் யார்? அவர் கடையை நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் இரும்புக் கதவு, அதன் மேல் சங்கிலி, சங்கிலியில் பூட்டு, உள்ளே இன்னொரு கம்பிக் கதவு. "ஏனுங்க, டீத்தூளுக்கே இத்தன பூட்டு போட்டிருக்கறீங்க, நீங்க எங்களக் கேக்கறீங்களா?" என்றேன். அவர் சிரித்துவிட்டு இன்னொரு டீ கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

திரும்பி வரும்போது பஸ் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. முன்னாலும் பின்னாலும் லாரிகள். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெள்ளையாக, சப்பாத்திக்கல் அளவில் சைரன். அதன் வயிற்றிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாடா தொங்கியது. பேக்கிங் குப்பை என்று நினைத்து இழுத்தேன். பேட்டரியை மறித்து வைத்திருந்த நாடாவாம் அது. வீல் என்று ஒரு சத்தம். பொதுக்கூட்டத்து ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. டிரைவர் ஏதோ கத்தினான். கார்த்தி அதைப் பிடுங்கி, சட்டைக்குள் போட்டு அமுக்கி, போனில் எதையோ தேய்த்துத் தேய்த்து ஒருவழியாக நிறுத்தினான்.

"குப்பைய ஏன் மாமா இழுத்தீங்க?"

"குப்பைன்னுதான இழுத்தேன்."

சிங்கப்பூர்க் கரை வரும் வரை அவன் பெட்டிகளைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டான். மறுநாள் மூன்றாவது பொட்டலத்துக்காக மறுபடி அதே ஏற்றம், அதே இறக்கம், அதே கட்டை விரல். அதே அதிகாரிதான் உட்கார்ந்திருந்தார். மணி வாங்கியாச்சா என்று கேட்டார். பாதி வாங்கியாச்சு என்றேன். அதற்கும் பக்கத்து மேசைக்காரரோடு சேர்ந்து சிரித்தார். சலவைக் கடை அம்மாள் இந்த முறை எங்களுக்காகச் சாப்பிடப் போகாமல் காத்திருந்தாள். கார்த்தி சாமான்களைத் தரையில் பரப்பிச் சரிபார்த்துவிட்டு, கூலி இல்லாமல் முடிந்தது என்று கை தட்டாத குறையாகச் சொன்னான். அவன் போட்ட லீவும், டாக்சியும், என் முழங்கால் வலியும் அவன் கணக்கில் வராது.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் என் பையை ஒருமுறைக்கு இரண்டுமுறை அந்த இயந்திரத்துக்குள் விட்டார்கள். சின்னப் பெண்ணொருத்தி ஒவ்வொன்றாக எடுத்து இது என்ன, அது என்ன என்று கேட்டாள். நாடாவை இழுக்காதே என்று சைகையில் கெஞ்சினேன். திருச்சியில் இறங்கினால் சுங்கத்தில் நம் ஆள் ஒருவர், "என்னங்க, ஏவாரமா?" என்று கேட்டார். இல்லீங்க, எங்கக்கா ஊட்டுக்கு என்றேன். அக்கா என்ன நகைக்கடை வைத்திருக்கிறாளா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ராசிபுரம் வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வண்டிக்கடையில் ஒரு தட்டுவடை செட் வாங்கி நின்றபடியே தின்றேன். பீட்ரூட் துருவலும் காரச் சட்னியும் வாயில் பட்டதும்தான் என் நாக்கு எனக்குத் திரும்பக் கிடைத்தது. வெண்ணந்தூரில் தறிச்சத்தத்தைத் தாண்டி, ஏரிக்கரையைத் தாண்டி, அக்காவின் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் எருமைகளைக் கிணற்றடியில் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வா சாமி. ரொம்ப எளைச்சுப் போயிட்டியே. அங்க சோறு போட்டாங்களா இல்லியா?"

"போட்டாங்க. உன்ற எருமைக்குப் போடறதத்தான் போட்டாங்க."

அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய்யை மேலே ஊற்றி வைத்தாள். ஓட்ஸ் கஞ்சிக்குப் பழி தீர்த்துவிட்டு வேலையில் இறங்கினேன். கார்த்தி போனில் முகத்தைக் காட்டிக்கொண்டு கட்டளை போட, நான் ஸ்டூலில் ஏறிப் பழைய பெட்டியைக் கழற்றினேன். திருப்புளியால் மூடியைத் திறந்ததும் எனக்கு மூக்கில் ஒரு வாடை அடித்தது. உள்ளே போர்டு முழுக்கக் கட்டிதட்டிய தவிடு. மூலையில் கடலைப் புண்ணாக்குத் துணுக்கு.

சுவரைப் பார்த்தேன். பெட்டி மாட்டியிருந்த இடத்தில் ஒழுகின தடமே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். "மாமா, ஒண்ணுந் தெரியல, கறுப்பா இருக்குது" என்றான் கார்த்தி. "சிக்னல் இல்லடா, இரு, கூப்பிடறேன்" என்று அணைத்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, மழைத்தண்ணில தவிடு எப்படி வந்துச்சு?"

"எந்தத் தவிடு?"

"உள்ள ஒரு ஆழாக்குத் தவிடு இருக்குது. வெண்ணந்தூர்ல வானத்துலருந்து புண்ணாக்குத் தண்ணியா பேயுது?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, பயமே இல்லாமல் சொன்னாள்: "மாட்டுத் தொட்டில முக்கிட்டேன். செத்துப்போச்சான்னு பாத்துட்டு, மறுக்கா ஒரு முக்கு முக்கி எடுத்து மாட்டிட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. "கடல் தாண்டிப் போனனே, அப்பக்கூட வாயத் தொறக்கலியே நீ? மனுசியா நீ?"

"சொன்னா அவன் என்ன நெனைப்பான்? அம்மாளுக்குப் புத்தி தடுமாறிருச்சுன்னு அன்னைக்கே டிக்கெட்டுப் போட்டிருப்பான். நீயும் சிங்கப்பூரு பாத்த மாதிரி இருக்கட்டும்னு உட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, எனக்கு ஒரு சொம்பு மோர் வேறு கொண்டுவந்து வைத்தாள்.

மோர் குடித்து முடிக்கும்போது முழுக் கதையும் வந்தது. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் மழையும் காற்றுமாக அடித்துக் கதவைத் தள்ள, அலாரம் கத்தியிருக்கிறது. தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது சின்னுசாமி மச்சான், அக்காவின் வீட்டுக்காரருக்குத் தம்பி. சத்தம் கேட்டதும் தடியை எடுத்துக்கொண்டு நனைந்தபடி ஓடி வந்து வாசலில் நின்றிருக்கிறார். அக்கா உள்ளே அதை நிறுத்துகிற ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அவரைப் பார்த்தாள். அந்த அவசரத்தில் 'வாங்க' என்று சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பிப் போய்விட்டார்.

அசலூர்க்காரர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஆள் வந்தால் உள்ளேயிருக்கிற ஒவ்வொருவரும் தனித்தனியாக 'வாங்க' சொல்ல வேண்டும். அடுப்படியில் இருப்பவள் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும், படுத்திருப்பவன் எழுந்து சொல்ல வேண்டும். ஒருவர் விட்டுவிட்டாலும் போச்சு. வரப்பை வெட்டி நகர்த்தினவனோடு பேசித் தீர்த்துக்கொள்வோம். வாங்க சொல்லாதவனோடு தீர்க்க எந்தப் பஞ்சாயத்தும் கிடையாது. இதனால் நின்றுபோன கல்யாணங்கள் எனக்குத் தெரியும். படித்தவன், படிக்காதவன், ரிக் முதலாளி, கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா, எல்லோரும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே அளவு முட்டாள்கள்.

"ஊருக்கே சொல்லீட்டாரு. திருடனுக்குப் பயந்து கூப்பிட்ட ஊட்டுல, வந்தவன வான்னு சொல்ல வாயில்லைன்னு. பேத்திக்குக் காது குத்தினாங்க, எனக்குச் சொல்லல. எங்க பால அவங்க கேன்லதான் சொசைட்டிக்கு அனுப்புவேன், அதுவும் நின்னு போச்சு" என்றாள் அக்கா. "அந்தக் கருமம் கத்துனதாலதான இத்தனையும். இன்னொருக்கா கத்தி, அவரு வந்து வாசல்ல நின்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது? அதான் முக்கிட்டேன்."

"நீ போயி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"என்னன்னு சொல்றது? அன்னைக்கு வாங்க சொல்ல மறந்துட்டேன், இன்னைக்கு வெச்சுக்கங்கன்னா?"

நான் புது சைரனைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தேன். கிழக்கே மரவள்ளி. மேற்கே ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஊர். சத்தம் கேட்கிற தூரத்தில் இருப்பது ஒரே ஒரு வீடு, சின்னுசாமி மச்சான் வீடு.

"இது கத்துனா யாருக்கா வருவா?" என்றேன்.

அவள் காலிச் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது. கடல் தாண்டிக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, கார்த்தியிடம் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு நான் திருச்செங்கோடு போய்விடுவேன். அவன் நிம்மதியாகத் தூங்குவான். இவளை யாராவது கழுத்தை நெரித்தால் இந்தச் சப்பாத்திக்கல் கத்திக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான்.

வேலையை முடித்துக் கார்த்தியைக் கூப்பிட்டேன். பால் கறக்கிற நேரம், வெயில் தாழ்ந்திருந்தது. "டெஸ்ட் பண்ணலாமா மாமா?" என்று கேட்டுக்கொண்டே அங்கேயிருந்து அழுத்தினான். காடே அதிர்ந்தது. எருமைகள் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளின. கொக்குகள் கிளம்பி ஏரிப்பக்கம் போயின.

"சூப்பர் மாமா! நல்லா வேலை செய்யுது. நிறுத்திரட்டுமா?"

"நிறுத்தச் சொல்லாத" என்றாள் அக்கா. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. கார்த்தி மாமா மாமா என்று போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தோப்புக்குள் ஒன்றும் அசையவில்லை. அந்த ஆள் வரமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அவர் வீம்பும் எங்கள் வீம்பும் ஒரே மண்ணில் முளைத்தது. சரி, நிறுத்துடா என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது தென்னை மரங்களுக்கு நடுவிலிருந்து சின்னுசாமி மச்சான் வந்தார். கையில் தடி. வேகமாகத்தான் வந்தார். இரண்டு காட்டுக்கும் நடுவிலுள்ள வரப்பு வந்ததும் நின்றுவிட்டார். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல், மரவள்ளிச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு மாமா அது, தடியோட?" என்றான் கார்த்தி.

"உன்ற சித்தப்பன்டா. சத்தம் போடாம இரு."

அக்கா முந்தானையை இடுப்பில் சொருகினாள். கிணற்றடியைத் தாண்டி, கரும்பச்சையாக நின்ற செடிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்தாள். வரப்புக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நின்று, சைரனுக்கு மேலே குரலெடுத்து, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

"வாங்க!"

அவர் அசையவில்லை.

"வாங்கன்னு சொல்றனில்ல! ஊட்டுக்கு வாங்க!"

மச்சான் தடியைக் கைமாற்றிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கையா என்று கூப்பிடுவோம். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து ஐப்பசிக்கப்புறம் யாரும் கேட்டதில்லை.

"வாரேன், வாரேன். மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க நங்கையா, எருமைக்குப் பால் எறங்காது" என்று சொல்லிக்கொண்டே அவர் வரப்பைத் தாண்டி வந்தார்.